காணாமற்போன மகளிரும் கனடா அரசின் கடமையும்

வன்முறைக்குத் தனிமனிதரின் தீய எண்ணமே காரணம் என்று கூறி அமைந்துவிடுதல் எளிது. ஆயின் அவ்வெண்ணம் சிலரை மட்டும் மிகுதியாகத் தாக்குவது ஏன் என வினவும்போது அரசின் பொறுப்பு புலனாகிறது. கனடாவின் ஆதிக்குடி மகளிரின் நிலை இதற்குச் சான்றாகும்.

1980 முதல் 2012 வரை ஆதிக்குடி மகளிர் 1,017 பேர் கொலையுண்டனர் என்றும், மேலும் 164 பேர் காணப்படவில்லை என்றும் அந்நாட்டின் மத்தியக் காவற்படை 2014இல் அறிவித்தது. மகளிர் தொகையில் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரே ஆதிக்குடியினர். கொலையுண்ட மகளிருள்ளோ நூற்றுக்குப் பதினறுவர்.

இதன் வேர்களுள் இரண்டைக் குறிப்பிடுவோம். முதலாவது, சட்டம். பிற இனத்தவரை மணந்த ஆதிக்குடிப் பெண், 1985இல் சட்டம் திருத்தப்படும்வரை, தன் இனத்துக்குரிய சட்டத் தகுதியை இழந்தாள். ஆணுக்கு அவ்விழப்பு இல்லை. இரண்டாவது, வசதியின்மை. பிரின்ஸ் ஜார்ஜ், பிரின்ஸ் ரூபர்ட் நகரங்களை இணைக்கும் 16ஆம் எண் சாலையில் பெண்கள் பலர் மறைந்தமையால் மக்கள் அதனைக் ‘கண்ணீர் நெடுஞ்சாலை’ என்றனர். ஊர்களுக்கிடையே பேருந்து வேண்டுமென 2006இல் பரிந்துரைக்கப்பட்டது. அரசுப் பேருந்து ஓடத் தொடங்கியதோ 2017இல்தான்.

2016இல் தொடங்கிய தேசிய விசாரணைக் குழு, 2019 ஜூனில் 231 ‘நீதிக்கான அழைப்புகளை’ வெளியிட்டது. 2021இல் தேசியச் செயல்திட்டம் வகுக்கப்பட்டது. எனினும் திட்டம் வேறு, செயல் வேறு என்பதனை வின்னிப்பெக் நிகழ்ச்சி காட்டுகிறது. 2022இல் கொலையுண்ட இரு பெண்களின் உடல்கள் நகருக்கு வெளியே குப்பைக்கிடங்கில் புதைந்திருப்பதாகக் கருதப்பட்டது. தேடுதல் இயலாதது என்றது காவல்துறை. நச்சுப்பொருள்களால் தேடுவோருக்குத் தீங்கு நேரும் என 2023இல் மறுத்தது மாநில அரசு. குடும்பத்தினர் ஓயவில்லை. தேர்தலில் ஆட்சி மாறியது. 2024 மார்ச்சில் மத்திய, மாநில அரசுகள் தலா இரண்டு கோடி டாலர் ஒதுக்கின. டிசம்பரில் தேடுதல் தொடங்கிற்று. 2025 மார்ச்சுக்குள் இருவரின் எச்சங்களும் அடையாளம் காணப்பட்டன. இயலாதது என்று சொல்லப்பட்டது, மனம் வைத்தபோது சில திங்களில் நிறைவேறியது.

திருச்சபையும் இதில் விலகிநிற்க இயலாது. ஆதிக்குடிச் சிறாரைப் பெற்றோரிடமிருந்து பிரித்த உறைவிடப் பள்ளிகளை அரசின் பொருளுதவியோடு சபைகளே நடத்தின. கனடா ஐக்கிய சபை 1986இலும், ஆங்கிலிக்கன் சபை 1993இலும், பிரஸ்பிட்டேரியன் சபை 1994இலும் ஆதிக்குடியினர்முன் தம் தவற்றை அறிக்கையிட்டன. மன்னிப்பு வேண்டுதல் தொடக்கமே. காணாமற்போனோரைத் தேடுமாறு அரசை வற்புறுத்துவோருடன் நிற்பதே அதற்கேற்ற கனியாகும் என்பது நம் துணிபு.