எலும்பின் கதை – 6: உப்பிய செல் எங்கே போனது?

கருவில் தொடை எலும்பு முதலில் குருத்தெலும்பாகத்தான் உருவாகிறது. சாக்ஸ்9 புரதம் அந்த வேலையைத் தொடங்கிவைப்பதும், 2ஆம் வகைக் கொலாஜனும் அக்ரிகனும் நிரம்புவதும் சென்ற வாரமே சொல்லியாயிற்று.

இந்தக் குருத்தெலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால் வரிசை கண்ணுக்குத் தெரியும். மேலே சிதறிக் கிடக்கும் சிறு செல்கள். அடுத்து, காசுகளை அடுக்கியதுபோலத் தட்டையான செல்கள். இவை பிரிந்து பெருகுகின்றன. அடியில், பல மடங்கு உப்பிய செல்கள். எலும்பு நீள்வதில் பெரும்பங்கு இந்த உப்பலுக்குத்தான்.

பெருகுவதை நிறுத்தும் செல் இந்தியன் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதத்தைச் சுரக்கிறது. பெருக்கம் எப்போது நிற்க வேண்டும் என்பதை இதுவும் பிடிஎச்ஆர்பி என்ற இன்னொரு புரதமும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. அந்தக் கணக்கு அடுத்த வாரம் விரிவாக வரும்.

பெருக்கம் நின்றபின் சாக்ஸ்9 தணிகிறது, ரன்எக்ஸ்2 என்ற புரதம் ஓங்குகிறது. செல் உப்பி, 10ஆம் வகைக் கொலாஜனைச் சுரக்கிறது. இந்தக் கொலாஜன் ஏறக்குறைய உப்பிய செல்லுக்கே உரிய அடையாளம். ரன்எக்ஸ்2 எவ்வளவு இன்றியமையாதது என்பது 1997இல் தெரிந்தது. அதற்கான மரபணுவை நீக்கிய சுண்டெலிக் குஞ்சுகளுக்கு எலும்பே உருவாகவில்லை. பிறந்ததும் மூச்சுவிட முடியாமல் இறந்தன. மனிதரில் அந்த மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுதானாலே காறை எலும்பு குறைபடும், சிலருக்கு இல்லாமலே போகும். அப்படிப்பட்டவர்களில் சிலரால் இரு தோள்களையும் மார்புக்கு முன்னால் ஒன்றோடொன்று சேர்க்க முடியும்.

உப்பிய செல் அடுத்து எம்எம்பி13 நொதியை வெளியிட்டுச் சுற்றியுள்ள குருத்தெலும்பைக் கரைக்கிறது. விஈஜிஎஃப் புரதத்தால் ரத்தக் குழாய்களை வரவழைக்கிறது. பிறகு அது செத்துவிடுகிறது, எலும்பு கட்டும் செல்கள் எல்லாம் வெளியிலிருந்து வருகின்றன என்றே பாடநூல்கள் பல பத்தாண்டுகள் சொல்லிவந்தன.

2014இல் இந்தக் கருத்து ஆட்டம் கண்டது. ஹாங்காங் பல்கலைக்கழகக் குழு ஒன்றும் டெக்சாஸில் எம்.டி. ஆண்டர்சன் மையக் குழு ஒன்றும் சுண்டெலிகளில் தனித்தனியே சோதித்தன. முறை அழகானது: 10ஆம் வகைக் கொலாஜன் மரபணு ஒரு செல்லில் ஒரே ஒருமுறை விழித்தாலும் போதும், அந்தச் செல்லில் அழியாத அடையாளம் ஒன்று பதிந்துவிடும். அது செல்லின் வாரிசுகளுக்கும் போகும். செல் செத்தால் அடையாளமும் அங்கேயே முடிய வேண்டும். முடியவில்லை. புதிதாக உருவான எலும்புக்குள், 1ஆம் வகைக் கொலாஜன் சுரந்து எலும்பு கட்டும் செல்களிலும் எலும்புத் திசுவில் புதைந்த முதிர்ந்த செல்களிலும் அதே அடையாளம் இருந்தது. செத்ததாக எழுதப்பட்ட செல்களில் ஒரு பகுதி உருமாறி எலும்பைக் கட்டிக்கொண்டிருந்தது! உப்பிய செல்கள் எல்லாமே தப்புவதில்லை. ரத்தக் குழாயோடு வந்து சேரும் செல்களுக்கும் பங்கு உண்டு. ஆனாலும், குருத்தெலும்புச் செல் தன் வேலையை விட்டுவிட்டு இன்னொரு வேலைக்கு மாறுவது வளர்ச்சி உயிரியலின் பெரும் வியப்புகளில் ஒன்று.

எங்கிருந்து வந்த செல்லானாலும் எலும்பு கட்ட ஆஸ்டெரிக்ஸ் என்ற புரதம் வேண்டும். 2002இல் அதை நீக்கிய சுண்டெலிகளில் ரன்எக்ஸ்2 இருந்தும் எலும்பு உருவாகவில்லை. ஆஸ்டெரிக்ஸ் வந்தபின் 1ஆம் வகைக் கொலாஜன் இழைகள் நிறைகின்றன. அவற்றின்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிகின்றன. முதிர்ந்த செல் ஆஸ்டியோகால்சின் என்ற புரதத்தைச் சுரக்கிறது. முறிந்த எலும்பு கூடும்போதும் முறிவிடத்தில் முதலில் குருத்தெலும்பு தோன்றி, ஏறக்குறைய இதே வரிசையில் இதே மரபணுக்கள் விழிக்கின்றன.