வகுப்பில் இடமில்லையா? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வெயிட்லிஸ்ட் நகரும் விதம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் படிக்கப் போகும் நம் மாணவர்கள் பலருக்கு, முதல் அதிர்ச்சி வகுப்பறையை மிதிப்பதற்கு முன்பே வந்துவிடுகிறது. இங்கே பெரும்பாலான கல்லூரிகளில் எந்தப் பாடம், எந்த நேரம் என்பதையெல்லாம் துறையே முடிவு செய்து அட்டவணையைக் கையில் கொடுத்துவிடும். அங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் மாணவரே இணையத்தில் இடம் பிடிக்க வேண்டும். ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு முந்தைய பருவத்திலேயே பதிவு தொடங்கிவிடுகிறது. புதியவர் உள்ளே நுழையும்போது, ஆசைப்பட்ட பாடத்துக்கு நேரே ‘வெயிட்லிஸ்ட்’ என்று நிற்கிறது.

ரயில் டிக்கெட் மாதிரிதான், வரிசையில் 8 என்றால் எட்டுப் பேர் விலகினால் போதும் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அது பாதிதான் சரி. வரிசைப்படி இடம் கொடுக்கும் மென்பொருள், தடை உள்ளவரைத் தாண்டி அடுத்தவருக்குப் போய்விடும்.

பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே பதிவு ‘கால்சென்ட்ரல்’ என்ற தளத்தில் நடக்கிறது. ‘சி.எஸ். 61ஏ’ போன்ற தொடக்கநிலைக் கணினிப் பாடத்தில் சில பருவங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட பெரிய பாடங்களில் விரிவுரையோடு, சிறு குழுவாக உட்காரும் கலந்துரையாடல் வகுப்பு ஒன்றையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். விரிவுரையில் இடம் காலியாகி, நீங்கள் தேர்ந்தெடுத்த வெள்ளிக்கிழமைக் குழு நிரம்பியிருந்தால் நீங்கள் அப்படியே நிற்பீர்கள்; பின்னால் இருந்தவர் உள்ளே போய்விடுவார். ஆகவே, காலியிடம் உள்ள குழுவுக்கு மாறிக்கொள்ளுங்கள், அது காலை எட்டு மணி வகுப்பாக இருந்தாலும் சரி. ஏற்கெனவே பதிந்த வகுப்போடு நேரம் மோதினாலும், பருவத்துக்கான கிரெடிட் உச்சவரம்பைத் தாண்டினாலும் இதே கதிதான். குறிப்பிட்ட துறையினருக்கென்று ஒதுக்கிய இடங்களும் உண்டு. திரையில் காலி என்று தெரியும், ஆனால் உங்களுக்குக் கிடைக்காது.

இடம் கிடைத்தால் மட்டும் பழைய பாடத்தை விட்டுவிடும் வசதி பல தளங்களில் இருக்கிறது. கையில் உள்ளதை முதலில் கைவிட்டுவிட்டுப் புதியதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

வகுப்பு தொடங்கியதும் முதல் நாளிலிருந்தே போங்கள். பேராசிரியர் அனுமதித்தால் வீட்டுப்பாடத்தையும் செய்து கொடுங்கள். அதே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ, டேவிஸ் வளாகங்களில் ஒரு காலாண்டுப் பாடம் 10 வாரங்களில் முடிந்துவிடும். இரண்டாவது வார இறுதியில் இடம் கிடைத்து அப்போதுதான் போய் உட்கார்ந்தால், பாடத்தில் ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கும். முதல் வாரத்தில்தான் பட்டியல் வேகமாக நகரும். பார்த்துவிட்டுப் பிடிக்காமல் விலகுபவர்களும் உண்டு. முதல் நாள் வராதவர்களின் பெயரைச் சில கல்லூரிகள் நீக்கிவிடும்.

அனுமதி எண் என்று ஒன்றும் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் பி.டி.இ., டேவிஸில் பி.டி.ஏ. என்பார்கள். அது கிடைத்தால் நிரம்பிய வகுப்பிலும் சேரலாம். நெரிசலான துறைகள் பலவற்றில் இது பேராசிரியர் கையில் இல்லை, துறை அலுவலகத்தின் கையில் இருக்கிறது. யாரைக் கேட்பது என்பதைத் துறையின் மாணவர் ஆலோசகரிடம் தெரிந்துகொண்டு, மாணவர் எண், பாட எண், இந்தப் பருவத்திலேயே அது ஏன் தேவை என்ற மூன்றையும் நாலு வரியில் எழுதுங்கள். கெஞ்சத் தேவையில்லை. கட்டாயப் பாடத்துக்கு இடம் கேட்பது மாணவரின் நியாயமான கோரிக்கை. லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் நிறுவனம், தானே கட்டாயமாக்கிய பாடத்துக்குப் போதிய வகுப்புகளைத் திறக்கத்தான் வேண்டும். பட்டியல் நீண்டால் கூடுதல் பிரிவு திறக்கும் துறைகளும் இருக்கின்றன என்பதால், வெயிட்லிஸ்டில் பெயர் கொடுப்பதற்கே பயன் உண்டு. அதே காரணத்தால், தேவையில்லாத பட்டியல்களிலிருந்து உடனே விலகிவிடுங்கள்.

வெளிநாட்டு மாணவருக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. எஃப்-1 விசாவில் இருப்பவர் முழுநேர மாணவராகவே இருக்க வேண்டும். இளநிலை மாணவர் ஒரு பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும். முதுநிலையில் அளவைப் பல்கலைக்கழகம் முடிவு செய்கிறது, பல இடங்களில் அது 9. வெயிட்லிஸ்டில் நிற்கும் பாடம் இந்தக் கணக்கில் சேராது. ஆன்லைன் பாடங்களை அடுக்கியும் குறையை நிரப்ப முடியாது; பருவத்துக்கு ஒரு பாடம் அல்லது 3 கிரெடிட் வரைதான் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். அதனால், பிடிக்காவிட்டாலும் பட்டப்படிப்புக்குப் பயன்படும் ஏதாவது ஒரு பாடத்தில் முதலில் இடம் பிடித்து 12-ஐயோ 9-ஐயோ எட்டிவிடுங்கள், அதன் பிறகு காத்திருங்கள். எப்படியும் எட்டாது என்று தோன்றினால், அந்த வாரமே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போங்கள். குறைந்த கிரெடிட்டுக்கான அனுமதியைக் கிரெடிட் குறைவதற்கு முன்பே வாங்கியாக வேண்டும்.