அரசு லேப்டாப்பைத் தூக்கிப் போடலாமா?

டீ வருவதற்குள் லேப்டாப்பைத் திறந்து வையுங்கள் அண்ணே. பையன் ஆலங்குடியில் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு லேப்டாப். இப்போது பொண்ணு பி.காம். சேர்ந்திருக்கிறாள். ஆன் செய்தால் ஐந்து நிமிடம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கடையில் புதுசு வாங்கிவிடுங்கள் என்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் பல வீடுகளில் இதே பேச்சுதான். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை பீரோ மேலேயும் கட்டிலுக்கு அடியிலும் கிடக்கின்றன. அவற்றில் பாதியாவது இன்னும் சில வருஷம் உழைக்கும் என்பது என் எண்ணம். ஆனால் எந்தப் பாதி என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வருகிறதா? மேலே உள்ள மூன்று எண்களைப் பாருங்கள். சிபியு 14 சதவீதம். மெமரி 80. டிஸ்க் 100. நாம் ஒரு வேலையும் கொடுக்கவில்லை, டிஸ்க் மட்டும் நூறிலேயே நிற்கிறது. மூளை சும்மா உட்கார்ந்திருக்கிறது, அதற்குத் தகவல் வந்து சேரவில்லை. “பழசாகிவிட்டது” என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த ஒரு பாகத்தைத்தான்.

உள்ளே இருப்பது 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். பழைய இசைத்தட்டு மாதிரி ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும், அதன் மேல் ஒரு கை நகர்ந்து நகர்ந்து படிக்கும். ஒரே இடத்தில் வரிசையாக இருக்கும் படத்தைப் படிப்பதென்றால் அது வேகம்தான். விண்டோஸ் திறக்கும்போதோ ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மூலையில். கை இடம் மாறி, தட்டு சுற்றி வரும்வரை காத்திருந்து படித்தால் நொடிக்கு நூறு தடவைகூடத் தேறாது. இதற்குப் பதிலாகப் போடக்கூடிய எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. நொடிக்குப் பல்லாயிரம் தடவை படிக்கும். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைப் போட்டால் ஐந்து நிமிடம் என்பது அரை நிமிடத்துக்கு வந்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. நாளைக்கே இந்த லேப்டாப்பின் போர்டு போனாலும் எஸ்எஸ்டி வீணாகாது. கழற்றி ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டால் பெரிய பென் டிரைவாகப் பயன்படும். பழைய கணினிக்குச் செலவு செய்யும்போது, இந்தப் பாகம் அதை விட்டு வெளியே வந்தும் பிழைக்குமா என்றுதான் நான் முதலில் கேட்பேன். ரேம் அப்படியில்லை. டிடிஆர்3 போட்ட மெஷினிலிருந்து எடுத்ததை டிடிஆர்4 மெஷினில் செருகவே முடியாது, வெட்டே வேறு இடத்தில் இருக்கும். பேட்டரியும் அந்தந்த மாடலோடு சரி.

அதனால் ரேமே வேண்டாம் என்று சொல்லவில்லை. 4 ஜிபியை வைத்துக்கொண்டு குரோமில் பத்து டேப் திறந்தால் திணறத்தான் செய்யும். 8 ஆக்கினால் நிம்மதி. ஆனால் 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொள்ள, ரேம் விலை உலகம் முழுக்க ஏறிவிட்டது. எனவே முதலில் எஸ்எஸ்டி போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் மெமரி தொண்ணூறைத் தாண்டினால், காலி ஸ்லாட் இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டு நல்ல செகண்ட் ஹேண்டாகத் தேடலாம். திறக்கும்போதே ஃபேனில் அடைந்திருக்கும் தூசியையும் எடுக்கச் சொல்லுங்கள். நம் ஊர் செம்மண் புழுதி அங்கே துணி மாதிரிப் படிந்திருக்கும். சூடு ஏறினால் சிபியு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பேட்டரி பத்து நிமிடம்தான் நிற்கிறது என்கிறீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்க்காரர்களுக்குப் பேட்டரியின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் பிளக்கில் போட்டே படிப்பாள் என்றால் இப்போதைக்கு விடலாம். அடிப்பாகம் உப்பி, டச் பேட் மேலே தூக்கியிருந்தால் மட்டும் அன்றைக்கே கழற்றிவிடுங்கள். அது தீப்பிடிக்கும் சாமான்.

சிக்கலான இடம் விண்டோஸ்தான். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவை நிறுத்திவிட்டது. வீட்டுக் கணினிகளுக்குப் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை வரும், அவ்வளவுதான். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். உங்களுடையது அந்தப் பட்டியலில் இல்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டால் இதே மெஷினில் லேசாக ஓடும், தமிழும் தட்டலாம், காசும் இல்லை. ஆனால் பொண்ணுக்குக் கணக்குப் பழக டேலி வேண்டுமே, அது விண்டோஸில்தான் ஓடும். இரண்டையுமே வைத்துக்கொள்ளலாம். இந்தத் திட்ட லேப்டாப்களே விண்டோஸோடு சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸையும் சேர்த்துத்தான் வந்தன. பேங்க், மெயில், ஸ்காலர்ஷிப் பாரமெல்லாம் லினக்ஸில். டேலி பழகுவது மட்டும் நெட் இல்லாமல் விண்டோஸில்.

சில ஆயிரத்தில் இவ்வளவும் முடியும். புது லேப்டாப் என்றால் முப்பது, நாற்பதாயிரம். ஆனால் போர்டில் கோளாறு, திரையைப் பிடிக்கும் கீல் உடைந்துவிட்டது, அல்லது அவள் வீடியோ எடிட்டிங் மாதிரி கனமான வேலைக்குப் போகிறாள் என்றால் ஒரு ரூபாய்கூட இதில் போடாதீர்கள். அந்தப் பணத்தையும் புதுசில் சேர்த்துவிடுங்கள்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள் அண்ணே. ஆதார் நகல், பட்டா, மார்க் ஷீட் எல்லாம் அதில்தான் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறீர்கள். டெலீட் செய்தாலும் மீட்டு எடுக்க முடியும். கையோடு வாங்கி வாருங்கள். எஸ்எஸ்டிக்கு பில்லும் கேட்டு வாங்குங்கள், பல கம்பெனிகள் மூன்று வருஷ வாரண்டி தருகின்றன.