கொல்லிப்பாவையின் சிரிப்பு

கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? நாமக்கல் மாவட்டத்துக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து மலையேறினால் மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் முப்பதாவது வளைவு வருவதற்குள் எலுமிச்சம் பழத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். மேலே போய்ச் சேர்ந்துவிட்டாலோ, பட்ட கஷ்டமெல்லாம் மறந்துவிடும். மரத்துக்கு மரம் மிளகுக் கொடி. பலா, அன்னாசி, காப்பி என்று எங்கே பார்த்தாலும் பசுமை!

இந்த மலைக்கு ஒரு பழங்கதை உண்டு. இங்கே கொல்லிப்பாவை என்றொரு பாவை இருந்தாளாம். வருகிறவர்களைப் பார்த்து மிக அழகாகச் சிரிப்பாளாம். சிரிப்பில் மயங்கிக் கிட்டே போனவர்கள் திரும்பியதில்லையாம்! சங்கப் புலவர்கள்கூட அவளைப் பற்றிப் பாடியிருக்கிறார்கள்.

"கடனைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாவையிடம் போய்விட்டீரே!" என்கிறீர்களா? காரணம் இருக்கிறது, சகோதரிகளே. கடன் கொடுப்பவர்களிலும் சிலர் அப்படித்தான் சிரிக்கிறார்கள்.

இந்த மலையில் சாமை, தினை, கேழ்வரகு விளைகின்றன. சாமையை உரலில் போட்டு இடித்து அரிசியாக்குவது பெண்களின் இடுப்பை ஒடிக்கும் வேலை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே சிறுதானியங்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டது. அதன் உதவியால் ஊர்களுக்கு அரவை இயந்திரங்கள் வந்தன. மகளிர் குழுக்கள் அவற்றை நடத்தவும், தானியத்தை விற்பனைச் சரக்காக்கவும் கற்றுக்கொண்டன.

அப்படி ஒரு பெண், வீட்டில் மிளகுக் கொடியும் வைத்திருப்பவள், சொந்தமாக ஓர் அரவை இயந்திரம் வைத்துத் தொழில் நடத்த விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பணத்துக்கு எங்கே போவாள்?

முதலில் வருபவர் மிளகு வியாபாரி. "வட்டியே வேண்டாம் அம்மா! 50,000 ரூபாய் இப்போதே வாங்கிக்கொள். நாலு மாதம் கழித்து மிளகாகக் கொடு, போதும்" என்கிறார். எவ்வளவு நல்ல மனுஷர்! ஆனால் சந்தையில் கிலோ 600 ரூபாய் விற்கும் மிளகை அவர் 500 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறார் என்றால், 100 கிலோவில் அவளுக்கு 10,000 ரூபாய் நஷ்டம். 50,000 ரூபாய்க்கு நாலு மாதத்தில் 10,000! இதற்கு நம் ஊரில் அஞ்சு வட்டி என்று பெயர். ஆண்டுக்கு 60 சதவிகிதம்.

அடுத்து வருபவர் தண்டல்காரர். 10,000 ரூபாய்க் கடனில் 1,500-ஐ முன்னதாகவே பிடித்துக்கொண்டு 8,500 தருகிறார். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறதல்லவா? கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 100 சதவிகிதத்தையும் தாண்டுகிறது. கந்து வட்டி, மீட்டர் வட்டியுடன் தண்டலையும் சேர்த்துத்தான் தமிழ்நாட்டில் 2003-ல் தடைச் சட்டம் வந்தது.

மூன்றாமவர் கோட்டும் சூட்டும் போட்டவர். "12 சதவிகிதந்தான்" என்கிறார். ஒரு லட்சத்துக்கு 12,000 வட்டி சேர்த்து, பன்னிரண்டு தவணையாகக் கட்டச் சொல்கிறார். மாதா மாதம் அசலைத் திருப்பிக்கொண்டே வந்தாலும், வட்டி மட்டும் முழு லட்சத்துக்கு! உண்மை வட்டி 21 சதவிகிதத்துக்கும் மேல்.

மூவரிடமும் ஓர் ஒற்றுமையைக் கவனித்தீர்களா? மூவரும் சிரிக்கிறார்கள், ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. பாங்கியிலோ கேள்விக்கு மேல் கேள்வி! என்ன தொழில், எவ்வளவு வரும், எப்போது வரும், எப்படிக் கட்டுவாய்? நமக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் தொழிலிலிருந்து கடன் திரும்பி வர வேண்டும் என்று நினைப்பவர்தான் தொழிலைப் பற்றிக் கேட்பார். ஒன்றுமே கேட்காதவரின் கண் வேறெதிலோ இருக்கிறது. வீட்டிலோ, நகையிலோ, மிளகுக் கொடியிலோ!

ஆகவே, அவர் கேட்கட்டும், நீங்களும் கேளுங்கள்.

நீங்கள் யார்? ரிசர்வ் பாங்கியின் பட்டியலில் உங்கள் நிறுவனத்தின் பெயர் உண்டா? செல்போன் செயலியில் கடன் தருபவரானாலும் இதைக் கேட்க வேண்டும்.

எல்லாச் செலவும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவிகிதம்? இதைத் தெளிவாக எழுதிய முக்கிய விவரத் தாளைச் சிறு தொழில் கடன்களுக்கும் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று ரிசர்வ் பாங்கி விதித்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் இது கட்டாயம். "அப்புறம் தருகிறேன்" என்றால், "அப்புறமே கையெழுத்துப் போடுகிறேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரு தவணை தவறினால் என்ன செய்வீர்கள்? மிளகுக்கு வருஷத்தில் ஓர் அறுவடைதான். அப்பளத் தொழிலுக்கு மழைக்காலம் ஆகாது. வரும்படி வரும் காலத்துக்கு ஏற்பத் தவணை அமைத்துத் தருபவரே தொழில் அறிந்தவர்.

கடன் கைக்கு வருமுன் "கட்டணம் கட்டு" என்றாலோ, வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டாலோ, அடுத்த வார்த்தை பேச வேண்டாம்.

"அடகு வைக்க எங்களிடம் என்ன இருக்கிறது?" என்பீர்கள். 1992-ல் நபார்டு 500 குழுக்களோடு ஒரு பரீட்சை தொடங்கியது. பெண்கள் கூடிச் சிறுகச் சிறுகச் சேமித்தார்கள். தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்கி, ஒழுங்காகத் திருப்பினார்கள். அந்த நாணயத்தை நம்பிப் பாங்கி கடன் தந்தது. அந்தப் பரீட்சைதான் பின்னர் நாடெங்கும் பரவியது. தனியாகத் தொழில் செய்பவருக்கு 2015-ல் தொடங்கிய முத்ரா திட்டம் உண்டு. அதன் முதல் படியான 'சிசு'வில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் கிடைக்கும்.

மசாலாப் பொடியோ, தையற்கடையோ, நீங்களும் நாளைக்கு ஒரு தொழில் தொடங்கக்கூடும். அன்றைக்கு யாராவது ஒன்றும் கேட்காமல் பணத்தை நீட்டிச் சிரித்தால், கொல்லிமலையைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். பாவை யாரிடமும் கேள்வி கேட்டதாகக் கதையில் இல்லை. சிரிக்க மட்டுமே செய்தாள்!