அகநானூற்று யாமையும் கடற்கரைக் காவலும்: புதுக்கோட்டைக் கடலோரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழகக் கடற்கரைகளில் முட்டையிட வரும் கடலாமைகளைத் தன்னார்வலர் காக்கும் முறையையும், அம்முறை புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்திற்கு எந்த அளவு பொருந்தும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. மணலில் முட்டையைக் காக்கும் பணி, கடலில் தாயாமையைக் காக்கும் பணியோடு இணைந்தாலன்றி முழுமை பெறாது என்பது இதன் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: நெய்தல், பங்குனி ஆமை, பொரிப்பகம், பாக் விரிகுடா, கடற்புல்

முன்னுரை

குமுழிஞாழலார் நப்பசலையார் இயற்றிய அகநானூற்று 160ஆம் பாடல், சூல் முதிர்ந்த யாமை ஒன்று அடும்பங்கொடி படர்ந்த கழியோர வெண்மணலில் முட்டைகளை மறைத்துப் புதைப்பதையும், குஞ்சுகள் வெளிப்படும்வரை ஆண் யாமை அவற்றைக் காப்பதையும் காட்டுகிறது. மணற்குவியல், அடும்பு, மறைத்துப் புதைத்தல், வட்டினை ஒத்த முட்டை வடிவம் ஆகியவை கடலாமை பற்றிய இன்றைய உயிரியல் செய்திகளோடு ஒத்துச் செல்கின்றன. ஆண் யாமையின் காவல் மட்டும் ஒத்துச் செல்லவில்லை. ஆண் கடலாமை முட்டைக்குழியை நாடிக் கரையேறுவதில்லை; பெண் ஆமையும் குழியை மூடியவுடன் கடலுக்குத் திரும்பிவிடும். எனவே அக்காவலைத் தலைவனின் கடப்பாட்டை உணர்த்தும் உள்ளுறையாகக் கொள்ளலாம். இயற்கையில் இல்லாத அக்காவலை இன்று மனிதர் ஏற்க நேர்ந்துள்ளது.

பங்குனி ஆமையின் வாழ்வியல்

தமிழகக் கரைகளில் மிகுதியாக முட்டையிடுவது சிற்றாமை எனவும் வழங்கப்பெறும் பங்குனி ஆமையாகும். தை முதல் பங்குனி வரையிலான இரவுகளில் அது கரையேறி, ஒரு குழியில் ஏறத்தாழ நூறு முட்டைகளை இடும். அவை 45 முதல் 60 நாள்களில் பொரிகின்றன. குஞ்சின் பாலினத்தை மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 29 பாகை செல்சியசுக்கு மேல் பெண் குஞ்சுகளும், அதற்குக் கீழ் ஆண் குஞ்சுகளும் மிகும். பொரித்த குஞ்சுகள் ஒளிமிகுந்த அடிவானத்தை நோக்கி நகரும் இயல்பின; கரையோர மின்விளக்குகள் அவற்றை நிலப்பக்கம் திருப்பிவிடுகின்றன. நாய், நரி ஆகியவற்றாலும் முட்டைகள் அழிகின்றன.

தன்னார்வலர் பணி

சென்னையில் 1970களின் தொடக்கத்தில் இராமுலசு விட்டேக்கர் உள்ளிட்ட பாம்புப் பண்ணை ஆர்வலர்கள் இரவு நடையைத் தொடங்கினர். 1988இல் உருவான மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அப்பணியை இன்றளவும் தொடர்கிறது. தன்னார்வலர் ஆமையின் தடத்தைக் கொண்டு குழியை அறிந்து, முட்டைகளை எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்திலும் வடிவிலும் தோண்டிய குழியில் புதைக்கின்றனர். இட்ட சில மணி நேரத்திற்குள் இவ்விடமாற்றம் நிகழவேண்டும். கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிய பின்னர் முட்டையைப் புரட்டினால் கரு இறந்துவிடும். பொரிப்பகத்தின் வெப்பநிலை பாலின விகிதத்தையும் மாற்றக்கூடும். ஆகவே, இடர் குறைந்த கரைகளில் முட்டையை இட்ட இடத்திலேயே காப்பது சிறந்ததாகும்.

இரவு நடை கரையை மட்டுமே காக்கிறது. 2025 சனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவை வலையில் சிக்கி, மூச்சுவிட மேலெழ இயலாமல் இறப்பதே இத்தகைய இறப்புகளுக்கு முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. கிழக்குக் கரையின் 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15இல்தான் தொடங்குகிறது. அதற்குள் ஆமைகள் முட்டையிடும் பருவத்தின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது.

புதுக்கோட்டைக் கடலோரம்

கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம் முதலிய ஊர்களைக் கொண்ட இக்கடலோரம் பாக் விரிகுடாவில் அமைந்தது. அலை குறைந்த ஆழமற்ற கடலும், சேறு கலந்த கரையும், முத்துக்குடா போன்ற இடங்களில் அலையாத்திக் காடும் இதன் இயல்புகள். அலைமோதும் மணற்கரைகளைக் கொண்ட சென்னைக் கடலோரத்திலிருந்து இது வேறுபட்டது. இங்குள்ள கடற்புல் வெளிகள் பேராமைக்கும் கடற்பசுவுக்கும் மேய்ச்சல் நிலமாகின்றன. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பெற்றது. கடற்புல்லைக் காக்கும் இவ்வேற்பாடு பேராமைக்கும் பயன்தரும்.

எனவே, சென்னையின் இரவு நடையை இங்கு அப்படியே பின்பற்றுவது போதாது. இக்கரையில் காவலராகத்தக்கவர் மீனவரே. வலையில் சிக்கிய ஆமையை உடன் விடுவித்தல், சோர்ந்த ஆமையைப் படகில் வைத்துத் தேற்றிக் கடலில் விடுதல், கைவிடப்பட்ட வலைகளைக் கரைசேர்த்தல் ஆகியன அவர்களால் இயலும் பணிகள். வலையை அறுத்து ஆமையை விடுவிப்பவர் அன்றைய வருவாயின் ஒரு பகுதியை இழக்கிறார். அவ்விழப்பை ஈடுசெய்யாமல் தன்னார்வத்தை எதிர்பார்ப்பது முறையாகாது. பாக் விரிகுடாவில் கடற்பசுவை விடுவித்த மீனவர்க்கு வனத்துறை ஊக்கத்தொகை வழங்கியமை இதற்கு முன்மாதிரியாகும்.

முடிவுரை

கடலாமைக் காவலின் வடிவத்தை அந்தந்தக் கரையின் இயல்பே தீர்மானிக்கிறது. முட்டையிடும் கரையில் மாணவரின் இரவு நடை பொருந்தும். மேய்ச்சல் கடலில் மீனவரின் வலைக்காவல் பொருந்தும். சங்கப் புலவர் ஆண் யாமைக்கு அளித்த காவற் பொறுப்பு, புதுக்கோட்டையில் வலையைக் கையில் கொண்டவரையே சேர்கிறது. அவர்க்கான இழப்பீட்டு நெறியை வகுப்பது அரசின் கடமை. அவர்தம் அனுபவ அறிவையும் ஆமைக்கு வழங்கும் வட்டாரப் பெயர்களையும் தொகுப்பது தமிழாய்வாளரின் கடமை.