பாட்டனார் துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் முன்

1663இல் டச்சுக்காரர் போர்த்துக்கீசியரை வென்று கைக்கொண்ட நகரம் கொச்சி. போர்ட் கொச்சி, மட்டாஞ்சேரிப் பகுதிகளின் பழைய வீட்டுப் பரண் ஒன்றில் பாட்டனார் காலத்துத் துப்பாக்கி அகப்பட்டால் வியப்பதற்கில்லை. கடற்காற்றின் உப்பு குழலையும் கறையான் கட்டையையும் அரித்துவிடுமுன் அதைச் செப்பனிட விரும்புவது இயல்பே. ஆனால் அதைத் தெருவில் எடுத்துச் செல்லுமுன் அறிய வேண்டியவை சில உள.

முதலாவது, அது சட்டத்தின் கண்ணில் ஆயுதமா என்பது. வழக்கொழிந்த அமைப்போ தொன்மை மதிப்போ உடையதாய், பழுதுபார்த்தாலும் சுட இயலாததாய் இருக்கும் துப்பாக்கிக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்களிக்கிறது. 'பழுதுபார்த்தாலும்' என்பதே இங்கு உயிர்நாடி. விசை துருவேறி நின்றுவிட்டதால் மட்டும் அது அலங்காரப் பொருளாகிவிடாது. கைதேர்ந்த கம்மியர் அதைச் சுடவைக்க முடியுமாயின் உரிமம் தேவை. ஐயமிருப்பின் உரிமம் வழங்கும் அதிகாரியிடம் எழுத்து மூலம் கேட்டறிவதே நன்று. கடைக்காரர் வாய்ச்சொல் போதாது.

உரிமம் பெற்றிருந்த தந்தையார் மறைந்திருந்தால், துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்த பின்னரே வாரிசு தம் பெயரில் உரிமம் கோர வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. பரம்பரையாக வந்தவையும் இக்கணக்கில் அடங்கும்.

உரிமதாரர் முதியவராயின் மகனோ பணியாளரோ எடுத்துச் செல்லலாமா? செல்லலாம். உரிமதாரர் உடனிருந்தாலோ எழுத்து மூலம் அதிகாரம் அளித்திருந்தாலோ, பழுதுபார்ப்பதற்காக உரிமமில்லாதவரும் எடுத்துச் செல்ல 3ஆம் பிரிவு இடந்தருகிறது. கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ அனுப்புவதாயின், உரிமம் கேரளத்துக்கு வெளியே செல்லுமா என முதலில் பார்த்துக்கொள்க. பழுதுபார்ப்பவரும் அத்தொழிலுக்கான உரிமம் பெற்றவராய் இருத்தல் வேண்டும். குறியீடுகளைப் புகைப்படம் எடுத்து, ஒப்படைத்ததற்கு ரசீது பெறுக.

இவை அனைத்தினும் முந்தியது உயிர்ப் பாதுகாப்பு. வாய் வழியே மருந்து கெட்டிக்கும் பழந்துப்பாக்கியில், ஈரம் படாத கரிமருந்து பல்லாண்டு கழிந்தும் வெடிக்கும். குழலின் வாய்க்கு நேரே நில்லாமல், மெல்லிய மரக்குச்சியை உள்ளே செலுத்தி அளவு குறித்து, அதைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்து ஒப்பிடுக. குச்சி அடிவரை செல்லவில்லையெனில் உள்ளே ஏதோ இருக்கிறது. தோண்டவோ நகர்த்தவோ முயலாமல் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் பளபளப்பாக்குவோரைக் கண்டு நாம் வருந்துகிறோம். காலம் படியவைத்த கருமை போனால் பொருளின் மதிப்பும் பெரும்பகுதி போயிற்று. துருவை நிறுத்தினால் போதும் எனக் கம்மியரிடம் முன்னரே கூறிவிடுக.

செப்பனிட்டதை வங்கி லாக்கரில் வைக்கலாமா எனக் கேட்போர் உளர். இயலாது, லாக்கர் ஒப்பந்தம் ஆயுதங்களை அனுமதிப்பதில்லை. ஊரைவிட்டு நெடுநாள் செல்வோர் உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடம் பாதுகாப்புக்காக ஒப்படைக்கலாம். உரிமத்தின் நகலை மட்டும் லாக்கரில் வைத்துக்கொள்ளலாம்.