சட்டை

"எளியோரைச் சட்டைசெய்யாமை தவறு" என்னுந் தொடருக்கு, "ஏழைகளுக்கு உடை தைத்துக் கொடாமை தவறு" என மாணவனொருவன் பொருளெழுதினான். நாம் நகைத்துப் பிழையிட்டோம். பின்னரே சொல்லை ஆராய்ந்தோம்.

யவனர் அணிந்த சட்டையை முல்லைப்பாட்டு 'மெய்ப்பை' என்கின்றது. யாழ்ப்பாணத்துப் பேச்சிலோ ஆடவர் மேலுடை ஆங்கிலவழி வந்த 'சேட்டு'. சிறுமியர் உடையே 'சட்டை'. காலுக்குரியது காற்சட்டை. பாம்புரியுஞ் சட்டையே, 'கஞ்சுகம்' என்னுஞ் சொல்லும் உடை, பாம்புரி என்னும் இரண்டனையுங் குறிக்கும். உயிர் புகுந்துறையும் உடம்பையுஞ் சட்டை என்ப.

இவையெல்லாம் போர்த்தலென்னும் ஒரு கருத்தில் அடங்கும். மதித்தலென்னும் பொருளொன்றே புறத்தே நிற்கின்றது. அம்மாணவன் இடறியதும் அங்கேதான். அறிந்த பொருளைக்கொண்டு அறியாததை நாடிய அவனை நகைத்தோமே. சட்டைசெய்யாத தவறு நம்முடையதன்றோ!